ஆறாவது சுழி

வேலூர் வெயிலுக்குக் கம்பளி சேர்க்கிறவள் என்று
தொழிற்சாலை பஸ்ஸில் என்னைப் பற்றி ஒரு சிரிப்பு உண்டு.
நூற்றெட்டு டிகிரி அன்றுதான்
பீரோவைத் திறந்து அந்துருண்டை மாற்றுவேன்.
நாலு இருக்கிறது. நாலும் நவஹோ.
மூன்றுக்கு ரசீது உண்டு, சுங்கத் தீர்வை உண்டு,
சேமநல நிதியில் ஒரு பள்ளம் உண்டு.

நாலாவது
காட்பாடி காந்தி நகரில்
ஏகாம்பரத்தின் இஸ்திரி வண்டியில் கிடந்தது,
வெள்ளைத் துணிக்கு அடியில், நாலாய் மடிந்து.
பெட்டியைத் தூக்கி வைத்தபோது
ஓரம் விலகி ஒரு சிவப்பு தெரிந்தது.
பூச்சியை நசுக்கி எடுத்த சிவப்பு.
"மிஷன் பங்களா காலி பண்ணப்போ குடுத்தாங்க,
எங்கப்பா காலத்துல. சூடு தாங்கும்மா இது."
தாங்கியிருக்கிறது,
ஊர்ச் சட்டைகள் அத்தனைக்கும் கீழே.
விலை சொல்லத் தெரியாமல் அவர் நின்றார்.
சொல்லத் தெரிந்தும் நான் நின்றேன்.
கடைசியில் புது வண்டி, பித்தளைப் பெட்டி,
இரண்டு ராணுவக் கம்பளி, மேலே ஒரு தொகை.
தொகையை இங்கே எழுதக் கை வரவில்லை.

ராணிப்பேட்டையில் என் வேலை
ஷூவுக்கு வெட்டுமுன் தோலில் குறை பார்ப்பது.
உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பிக் கீறல், சூடு போட்ட தழும்பு.
விரல் முதலில் பார்க்கும், கண் பிறகு.
பார்த்த இடத்தைச் சாக்கட்டியால் சுழித்துத்
தள்ளிவிட வேண்டும்.
இருபத்திரண்டு வருஷம்.
மாடு வாழ்ந்ததெல்லாம் என் மேஜையில் குறைதான்.

கம்பளியையும் அப்படித்தான் விரித்தேன்.
பூச்சி அரித்த ஓட்டை மூன்று.
நெருப்புப் பொறி விழுந்தது இரண்டு.
ஆறாவது, வலது மூலையில்,
பழுப்புக் கரையைக் குறுக்கே கடந்து
உள்ளேயிருந்து விளிம்புவரை ஒற்றை வெள்ளை இழை.
தறியில் கை தப்பியிருக்கிறாள் என்று
அதையும் சுழித்தேன்.

லாங் பஜார் சந்தில் ரஃபூ கடை தஸ்தகீர் பாய்
பத்தொன்பது நாள் வைத்திருந்தார்.
புரட்டிப் புரட்டித் தடவினேன்,
என் விரலுக்கே பிடிபடவில்லை.
"அஞ்சுக்குத்தான் காசு. ஆறாவது சும்மா.
வெள்ளைய உருவிட்டுப் பழுப்ப விட்டேன்.
கரை இப்ப முழுசா மூடிக்கிச்சு பாருங்க."

மூடிக்கிச்சு.

நியூ மெக்சிகோவில்
எனக்கு மூன்றையும் விற்ற பெண்ணுக்குப் படம் அனுப்பினேன்.
வேலை அபாரம் என்று எழுதி
கீழே ஒரு வரி: அந்தப் பாதை எங்கே?
சில நெசவுக்காரிகள் விடுவார்களாம்.
மாதக்கணக்கில் நெய்கிறபோது
மனசு பாவுக்குள் போய்விடும்,
கரை நாலு பக்கமும் அடைத்தால் அங்கேயே நின்றுவிடும்,
வெளியே வர, அடுத்ததை நெய்ய,
ஒரு இழை அகலம் வழி.
எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தாள்.
அது எனக்கு உதவவில்லை.

அன்றிரவு மின்சாரம் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில் ஊசியோடு உட்கார்ந்தேன்.
இவ்வளவு நல்ல வேலையை
நான் இதுவரை கெடுத்ததில்லை.
விடியும்போது பழுப்பு கையோடு வந்துவிட்டது.
வெள்ளை?

உருவிய நூல் எதையும் பாய் எறியமாட்டார்.
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடியவர்
நெற்றியில் அடித்துக்கொண்டார்.
"போன வாரம் ஆஸ்பத்திரி அம்மா ஒருத்தங்க ஸ்வெட்டர்.
ஸ்கேன் ரூம்ல ஏசி குளிரு தாங்கலையாம்.
முழங்கையில கிழிசல். இந்த வெள்ளை
அதுக்குன்னே நூத்த மாதிரி பொருந்திச்சு."

பேர் தெரியாது என்றார். நான் துருவவில்லை.
ஆற்காடு ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
ஏதோ ஒரு தளத்தில்
குழாய்க்குள் படுக்கவைத்த ஆளை
அசையாதீங்க, அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு என்று
வெளியே இழுக்கிற கையின் முட்டியில்
அது மடங்கி நிமிர்கிறது.

வீட்டில் கரை
ஒரு இழை அகலம் திறந்து கிடக்கிறது.
பூச்சி வரும். தெரியும்.

திங்கட்கிழமை, முதல் தோலிலேயே
முள்கம்பிக் கீறல்,
கழுத்திலிருந்து விளிம்புவரை.
சுழித்தேன்.
சம்பளம் அதற்குத்தான்.